மலைக்கு ஓர் உடல், காற்றுக்கு ஓர் உடல்

2025 ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தை பிரான்ஸைச் சேர்ந்த போலீன் ஃபெரான் பிரேவோ வென்றார். சொந்த நாட்டில், ஆல்ப்ஸ் மலையில் மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளி எடுத்த வெற்றி. அடுத்த சில நாட்கள் சைக்கிள் உலகத்தின் பேச்சு முழுக்க அவர் ஏறிய மலையை விட்டுவிட்டு, அவர் குறைத்த எடையைச் சுற்றியே இருந்தது. மலைக்காகத் திட்டமிட்டு எடை குறைத்ததையும், வருடம் முழுக்க அப்படி இருக்க முடியாது என்பதையும் அவரே மறைக்காமல் சொல்லியிருந்தார். இதைப் பார்க்கும் சின்னப் பெண்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த விவாதத்தில் எனக்கு ஒரு குறை இருந்தது. இதே மலைக்காக இதே வேலையை முப்பது வருடங்களுக்கு முன்பே செய்து, அதற்கு முழு விலையும் கொடுத்து, திரும்பி வந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒரு பெண் இருக்கிறார். அவரைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் அனேகமாக எதுவும் இல்லை. அவர் பெயர் லியோன்டின் ஃபான் மோர்செல். நெதர்லாந்துக்காரர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

லியோன்டின் பிறந்தது 1970 மார்ச் 22. நெதர்லாந்தின் தெற்கே, வடக்கு பிராபன்ட் மாகாணத்தில் உள்ள பூக்கல் என்ற சிற்றூர். நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அது தட்டையான நாடு. அங்கே சைக்கிளுக்கு ஒரே எதிரி காற்று. கடலிலிருந்து தடையே இல்லாமல் வரும் அந்தக் காற்றுக்கு எதிரே மிதித்து வளர்ந்தவர்களின் தொடை தனி ரகம்.

1990-ல், இருபது வயதில், ஜப்பானில் நடந்த உலகப் போட்டியில் அவர் இரண்டு பட்டங்கள் வென்றார். ஒன்று அணி டைம் ட்ரையல், அதாவது ஓர் அணியாகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயம். இன்னொன்று டிராக்கில் நடக்கும் தனிநபர் பர்சூட். இந்த இரண்டாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதன் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

பர்சூட் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வெலோட்ரோம் என்கிற, ஓரங்கள் சரிந்து உயர்ந்த நீள்வட்டத் தளத்தில், இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஒருவரை ஒருவர் துரத்த வேண்டும். எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பெரும்பாலும் யாரும் பிடிபடுவதில்லை. அப்போது யார் முதலில் தூரத்தை முடிக்கிறார்களோ அவர் வென்றவர். பெண்களுக்கு அன்றைக்கு 3 கி.மீ. மூன்றரை நிமிடச் சமாச்சாரம். காற்றிலிருந்து ஒதுங்க யார் முதுகும் இல்லை, தந்திரத்துக்கும் இடம் குறைவு. நின்ற இடத்திலிருந்து சைக்கிளைக் கிளப்ப வலு வேண்டும். கிளம்பிய பிறகு நுரையீரலும் காலும் எரிய எரிய அதே வேகத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். மெலிந்த உடம்புக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்காத ஆட்டம் இது.

ஏன் என்பதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. சமதரையில் வேகமாகப் போகும் சைக்கிளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு காற்றுடையது. மணிக்கு 45 கி.மீ. தாண்டிவிட்டால் மிதிக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைப் பிளக்கவே போய்விடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க நினைத்தால், காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அங்கே உடம்பு இரண்டு கிலோ கூடுதலா குறைவா என்பது அனேகமாகக் கணக்கிலேயே வராது. கால் எவ்வளவு சக்தி தருகிறது, உடம்பு எவ்வளவு குறுகிக் காற்றுக்கு முகம் காட்டுகிறது, இவ்வளவுதான். மலையில் கணக்கு தலைகீழ். வேகம் குறைந்துவிடுவதால் காற்று விலகிக்கொள்கிறது. புவியீர்ப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறியவர்களுக்கும், வெறும் சைக்கிளில் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் மிதித்தவர்களுக்கும் இந்த இரண்டும் இரண்டு வேறு கஷ்டங்கள் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆக, இருபது வயது லியோன்டினின் உடம்பு எதற்குப் பிறந்தது என்று 1990-லேயே தெரிந்துவிட்டது. காற்றுக்கு.

ஆனால் அன்றைய பெண்கள் சைக்கிள் உலகத்தின் கவனமெல்லாம் சாலையில் இருந்தது. அந்தச் சாலைகளின் அரசி பிரான்ஸின் ழான்னி லோங்கோ. 1987, 88, 89 என்று மூன்று வருடமும் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றவர். லியோன்டினைவிடப் பதினோரு வயது மூத்தவர். மலையில் ஏற ஆரம்பித்தால் திரும்பிப் பார்க்காதவர். 1991-ல் ஸ்டுட்கார்ட்டில் சாலைப் பந்தய உலகப் பட்டத்தை வென்ற லியோன்டினுக்கு அடுத்த இலக்கு லோங்கோவை அவருடைய களத்திலேயே தோற்கடிப்பது. அந்தக் களம் மலை.

நெதர்லாந்துக்காரர்களுக்கு மலை மேல் ஒரு தீராத ஆசை உண்டு. தங்கள் நாட்டில் இல்லாததால் இருக்கலாம். ஆல்ப்ஸில் ஆல்ப் துயெஸ் என்று ஓர் ஏற்றம் உண்டு. ஏறத்தாழ 14 கி.மீ., 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரியாக நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலை. 1970-களிலும் 80-களிலும் அந்த உச்சியில் நெதர்லாந்து ஆண்கள் திரும்பத் திரும்ப வென்றதால் அதற்கு ‘டச்சு மலை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்றைக்கும் டூர் அந்தப் பக்கம் போனால் அதில் ஒரு வளைவு முழுக்க ஆரஞ்சுச் சட்டைகளால் நிரம்பி வழியும். அந்த நாட்டில் சைக்கிள் வீராங்கனையாக இருந்துகொண்டு ‘எனக்கு மலை வேண்டாம்’ என்று சொல்வது சுலபம் இல்லை.

லியோன்டின் எடையைக் குறைத்தார். மலையில் அது வேலை செய்தது. இதுதான் உண்ணாமை நோயின் கொடுமையான பகுதி என்று நான் நினைக்கிறேன்: ஆரம்பத்தில் அது பரிசு கொடுக்கும். 1992-லும் 1993-லும் பிரான்ஸில் நடந்த பெண்கள் சுற்றுப் பந்தயமான டூர் சிக்லிஸ்ட் ஃபெமினானை அவர் வென்றார். 1993-ல் ஆஸ்லோவில் மறுபடி உலகச் சாம்பியன். பக்கத்துப் படியில், வெள்ளியோடு லோங்கோ. வெளியிலிருந்து பார்த்தால் இருபத்துமூன்று வயதில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் கையில் வந்துவிட்டது.

உள்ளே வேறு. ஒரு கிலோ குறைத்தபோது கிடைத்த வெற்றி, இன்னொரு கிலோ குறை என்றது. பிறகு குறைப்பதே வேலையாகிவிட்டது. அனோரெக்ஸியா நெர்வோசா என்று மருத்துவம் சொல்லும் உண்ணாமை நோய். நடுவில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் இருபத்துமூன்றாவதாக வந்தார். 1994-ல் சைக்கிளையே நிறுத்திவிட்டார். இருபத்துநான்கு வயது. அதோடு அவர் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. அன்றைக்கு அப்படித்தான் யாரும் எழுதியிருப்பார்கள்.

அவர் எவ்வளவு கிலோவுக்கு இறங்கினார் என்ற எண் எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. தலைப்பிலேயே போட்டவர்களும் உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நமக்கு அது அதிர்ச்சி தரும் எண். இந்த நோயின் பிடியில் இருக்கும் ஒரு பெண் படித்தால் அது இலக்கு. இந்த வேறுபாட்டை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் மகள் பள்ளியிலும் கல்லூரியிலும் 1500 மீட்டர் ஓடியவள். விடுதியில் தங்கிப் பயிற்சி. ஒரு விடுமுறைக்கு வந்தபோது தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். ஏன்டா கண்ணு, உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். “இல்ல அத்தை. ரெண்டு கிலோ கொறைஞ்சா நாலு செகண்டு கொறையும்னு சார் சொல்றாங்க” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. ஒரு சூத்திரம் கிடைத்துவிட்ட தெளிவு இருந்தது. முதலில் நேரமும் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பருவம் முடிவதற்குள் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல். மருத்துவர் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பது. வந்து பல மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பயிற்சியாளர் கேட்கவும் இல்லை. அவள் நினைத்திருந்தாள், கடுமையாகப் பயிற்சி செய்தால் நின்றுவிடும், நல்ல அறிகுறி என்று.

அது நல்ல அறிகுறி இல்லை. உடம்புக்குள் போகும் உணவு, பயிற்சிக்குச் செலவாகும் சக்திக்கே பற்றாமல் போகும்போது, உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. முதலில் நிறுத்தும் வேலைகளில் மாதவிடாய் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு கட்டுமானம் நலிகிறது. சைக்கிள் வீராங்கனைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. ஓடும்போதும் குதிக்கும்போதும் தரை கொடுக்கும் அடியில்தான் எலும்பு உறுதியாகிறது; இருக்கையில் உட்கார்ந்து மிதிப்பவருக்கு அந்த அடி கிடைப்பதில்லை. லியோன்டின் நோய்ப்பட்ட காலத்தில் இதற்கெல்லாம் மருத்துவ உலகமே அப்போதுதான் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு இந்தச் சக்திப் பற்றாக்குறையை ஒரு முழுமையான நோய்த்தொகுதியாக வரையறுத்தது 2014-ல்தான். ஆண்களுக்கும் இது வரும் என்பதும் அந்த வரையறையில் சேர்ந்தது. இருபது வருடம் பிந்தி.

லியோன்டின் எப்படி மீண்டார் என்பதைச் சாகசக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. சிகிச்சை, நேரம், பக்கத்தில் நின்ற மனிதர்கள். அந்த மனிதர்களில் முக்கியமானவர் டிராக் ஓட்டக்காரர் மைக்கேல் ஸைலார்ட். 1995-ல் அவரை மணந்தார். அதனால்தான் பிற்காலப் பதிவேடுகளில் ஸைலார்ட் ஃபான் மோர்செல் என்று இரட்டைப் பெயர் இருக்கும். இணையத்தில் தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி வாழ்க்கைதான் கிடைக்கும். முதலில் உடம்புக்காகவும் மனதுக்காகவும்தான் மறுபடி சைக்கிள் ஏறினார். பிறகு உள்ளூர்ப் போட்டிகள். பிறகு 1998.

அந்த வருடம் உலகச் சாலைப் போட்டி நெதர்லாந்திலேயே, ஃபால்கன்புர்கில் நடந்தது. டைம் ட்ரையலில் லியோன்டின் தங்கம். டைம் ட்ரையலும் சாலையில் நடப்பதுதான் என்றாலும் மனப்பாங்கில் அது பர்சூட்டின் அக்கா: ஒவ்வொருவராகக் கிளம்பி, தனியாக, கடிகாரத்தோடு போட்டி. கும்பலின் நிழலில் ஒதுங்க முடியாது. காற்று முழுக்க உன்னுடையது. சாலைப் பந்தயத்தில் லிதுவேனியாவின் டயானா ஜிலியூடே முதலாவது, லியோன்டின் இரண்டாவது, ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகல் மூன்றாவது. இந்த மூன்று பெயர்களையும் இரண்டு வருடம் கழித்து இன்னொரு மேடையில் பார்ப்போம். 1999-ல் இத்தாலியின் ட்ரெவீஸோவில் டைம் ட்ரையல் பட்டத்தை மறுபடி வென்றார்.

முதல் லியோன்டின் தன் உடம்பை மலைக்கு ஏற்றபடி வளைத்தார். இரண்டாவது லியோன்டின் தன் உடம்புக்கு ஏற்ற பந்தயத்தைத் தேடிப் போனார். நான் அவரைக் கொண்டாடுவது இதற்காகத்தான். ‘நோயை வென்று தங்கம் வென்ற வீராங்கனை’ என்று இரண்டு வரியில் முடிக்கும்போது இந்த முக்கியமான விஷயம் விழுந்துவிடுகிறது. மனவலிமை மட்டும் அவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை. எடை குறைந்தால் வெற்றி என்ற கணக்கு செல்லுபடியாகாத பந்தயங்களைப் பிரதானமாக்கிக்கொண்டார். அங்கே சாப்பிட்டால்தான் வேகம். சோறு அங்கே எரிபொருள். நோயோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, சாப்பாட்டைப் பகையாகப் பார்க்காத ஒரு விளையாட்டு எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சாலைப் பந்தயமே 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் வந்தது. ஆண்கள் 1896-லிருந்து ஒலிம்பிக்கில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். பெண்கள் பர்சூட் 1992-ல் சேர்ந்தது. டைம் ட்ரையலும், டிராக்கில் பாயிண்ட்ஸ் ரேஸும் 1996-ல். லியோன்டின் பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் அவருடைய நல்ல வயதில் அவருக்கான பந்தயங்கள் ஒலிம்பிக்கில் இருந்திருக்காது.

சிட்னி, 2000 செப்டம்பர். அந்த மாதம் நம் ஊரில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்கள் கர்ணம் மல்லேஸ்வரி பளு தூக்கி வெண்கலம் வென்றதைத்தான் நினைவில் வைத்திருப்போம். இந்தியப் பெண் ஒருவரின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மல்லேஸ்வரி மேடை ஏறுவதற்கு முந்தின நாள், அதே நகரத்தின் பாங்க்ஸ்டவுன் பகுதியில் உள்ள வெலோட்ரோமில், லியோன்டின் பர்சூட் இறுதிப் போட்டியில் பிரான்ஸின் மரியான் க்ளிஞேயைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். அதற்கு முந்தைய சுற்றிலேயே 3 நிமிடம் 30.816 விநாடியில் ஓட்டி உலக சாதனை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சராசரியாக மணிக்கு 51 கி.மீ.க்கும் மேல்.

அடுத்தது பாயிண்ட்ஸ் ரேஸ். இது பர்சூட்டுக்கு நேர் எதிர் சுபாவம். எல்லாரும் ஒன்றாக டிராக்கில். குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒரு முறை ஒரு பாய்ச்சல், முந்துபவர்களுக்குப் புள்ளிகள். யார் யார் பின்னால் ஒதுங்குகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தாலியின் அந்தோனெல்லா பெல்லுட்டி தங்கம், லியோன்டின் வெள்ளி.

பிறகு சாலை. செப்டம்பர் 26, மழை. வழுக்கும் வளைவுகளில் வழியெல்லாம் விழுந்தார்கள். கடைசியில் ஒரு சிறு கும்பலாக முடிவுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது லியோன்டின் முதலாவது, குப்ஃபர்நாகல் இரண்டாவது, ஜிலியூடே மூன்றாவது. ஃபால்கன்புர்கின் அதே மூவர், வரிசை மட்டும் மாறி. நான்கு நாள் கழித்து டைம் ட்ரையலிலும் தங்கம். அதில் பிரிட்டனின் மாரி ஹோல்டன் வெள்ளி. வெண்கலம் யார் தெரியுமா? நாற்பத்தொரு வயது ழான்னி லோங்கோ. எந்தப் பெண்ணை மலையில் தோற்கடிக்க லியோன்டின் தன்னையே அழித்துக்கொள்ளப் பார்த்தாரோ அந்தப் பெண் அதே மேடையில், சமதரையில், இரண்டு படி கீழே. இருவரும் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.

இரண்டு வாரத்துக்குள் மூன்று தங்கம், ஒரு வெள்ளி. மூன்றரை நிமிடப் பந்தயத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் பந்தயம் வரை. ஓட்டப்பந்தயத்தில் சொன்னால், 1500 மீட்டரும் மாரத்தானும் ஒரே ஒலிம்பிக்கில் ஒரே ஆள் வெல்வதற்குச் சமம் என்பேன். சிட்னியில் நெதர்லாந்து வாங்கிய 12 தங்கத்தில் மூன்று இவருடையது. நீச்சலில் இன்னொரு நெதர்லாந்துப் பெண், டி பிரயன், மூன்று தங்கம் வென்றதால் வெளிநாட்டுத் தலைப்புகள் எல்லாம் குளத்துப் பக்கம் போய்விட்டன.

2003 அக்டோபர் 1. மெக்சிகோ நகரம். ஒரு மணி நேர சாதனை. சைக்கிளில் இதைவிட எளிய விதி எதற்கும் கிடையாது: ஒரு மணி நேரம், தனியாக, எவ்வளவு தூரம் போகிறாய். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே காற்று மெலிது. பிளக்கச் சுலபம், மூச்சுக்குத்தான் திண்டாட்டம். அன்றைய விதிப்படி பழைய பாணி சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். வளைந்த கைப்பிடி, கம்பிச் சக்கரம், காற்றை ஏமாற்றும் நீட்டுக்கைப்பிடியோ கூர்வால் ஹெல்மெட்டோ கூடாது. லியோன்டின் ஓட்டிய தூரம் 46.065 கி.மீ. அதற்கு முன் இருந்த சாதனை 45.094, அதுவும் மெக்சிகோ நகரத்தில், லோங்கோ வைத்தது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடுதல்.

அந்த 46.065 பன்னிரண்டு வருடம் நின்றது. 2014-ல் விதி மாறி நவீனச் சைக்கிள்களை அனுமதித்த பிறகு, 2015 செப்டம்பரில், சட்டப் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டே பந்தயம் ஓட்டிய அமெரிக்காவின் மோலி ஷாஃபர் வான் ஹவ்லிங் 46.273 கி.மீ. ஓட்டி அதை முறியடித்தார். பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனாலும் எத்தனை புதுக் கருவிகள் வந்தும் இடைவெளி 208 மீட்டர்தான் என்பதைப் பார்க்கும்போது, பழைய சைக்கிளில் லியோன்டினின் கால்கள் என்ன செய்திருக்கின்றன என்று விளங்கும்.

ஏதென்ஸ் 2004. வயது 34. சாலைப் பந்தயத்தில் பட்டத்தைக் காக்க வந்தவர், முடிவை நெருங்கும் நேரத்தில் விழுந்துவிட்டார். அடி பலமாகப் பட்டது. பந்தயத்தை முடிக்க முடியவில்லை. தொலைக்காட்சியில் அவர் தரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் அத்தோடு சரி என்றுதான் நினைத்தோம். மூன்றே நாளில், காயத்தோடு, டைம் ட்ரையலுக்கு வந்து நின்றார். 24 கி.மீ. தூரத்தை 31 நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்து முடித்தார். இரண்டாவது வந்த அமெரிக்க வீராங்கனைக்கும் இவருக்கும் இடையே ஏறத்தாழ 24 விநாடி. டைம் ட்ரையலில் அது நூலிழை வெற்றி இல்லை, தெளிவான வெற்றி.

அதன் பிறகு பர்சூட். சிட்னியில் உலக சாதனை படைத்த தன் சொந்த நேரத்தைவிட வேகமாக ஓட்டியும் மூன்றாவது இடம்தான் கிடைத்தது. நியூசிலாந்தின் சாரா உல்மர் 3 நிமிடம் 24.537 விநாடி என்று புதிய உலக சாதனையோடு தங்கத்தை எடுத்துக்கொண்டார். நான்கு வருடத்தில் பெண்கள் பர்சூட் அவ்வளவு முன்னேறியிருந்தது. இந்த வெண்கலத்தை நான் தோல்வியாகப் பார்ப்பதில்லை. மொத்தம் நான்கு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். ஏதென்ஸோடு ஓய்வு.

அவர் தனி விதிவிலக்கா என்று கேட்டால், பிராட்லி விக்கின்ஸைப் பாருங்கள். ஏதென்ஸில் ஆண்கள் பர்சூட்டில் தங்கம் வென்றவர். பிறகு டூர் டி பிரான்ஸ் மலைகளுக்காக நன்றாகவே மெலிந்தார். 2012-ல் அந்தப் பந்தயத்தை வென்று, அடுத்த சில நாளில் லண்டனில் டைம் ட்ரையல் தங்கமும் எடுத்தார். கடைசியாக 2016 ரியோவில் டிராக் அணி பர்சூட்டுக்குத் திரும்ப நினைத்தபோது, இழந்த தசையை எல்லாம் மறுபடி ஏற்றிக்கொண்டுதான் வர முடிந்தது, தங்கம் வென்றார். ஒரே மனிதர், மலைக்கு ஓர் உடல், டிராக்குக்கு ஓர் உடல். ஆனால் அவரைச் சுற்றி மருத்துவர்களும் உணவியலாளர்களும் அடங்கிய பெரிய அணி இருந்தது. 1992-ல் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அப்படி எதுவும் கிடையாது.

இதில் என்னை வருத்துகிற செய்தி ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங்குக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தனிநபர் பர்சூட்டுக்குப் பதக்கம் கிடையாது. பாயிண்ட்ஸ் ரேஸும் தனிப் பதக்கமாக இல்லை. பெய்ஜிங்கில் பெண்கள் பாயிண்ட்ஸ் ரேஸின் கடைசித் தங்கத்தை வென்றவர் இன்னொரு நெதர்லாந்துப் பெண், மரியான ஃபோஸ். நான்கு வருடம் கழித்து லண்டனில் சாலைத் தங்கமும் எடுத்தார். டிராக்கிலிருந்து சாலைக்கும் சாலையிலிருந்து டிராக்குக்கும் போய்வரும் அந்த வழி ஒரு பக்கம் குறுகிவிட்டது. அணி பர்சூட் 2012-ல் பெண்களுக்கும் வந்தது, நல்லது. ஆனால் தனியாகக் காற்றோடு மோதுகிற பெண்ணுக்கு ஒலிம்பிக்கில் மிச்சம் இருப்பது டைம் ட்ரையல் ஒன்றுதான். இன்னொரு பக்கம் பெண்கள் டூர் டி பிரான்ஸ் 2022-ல் திரும்பி வந்து, வருடா வருடம் பெரிய மலைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. பணமும் கேமராவும் அங்கேதான். அந்தப் பந்தயம் வளர்வதில் எனக்கு மகிழ்ச்சி. மலை பெரிதாகப் பெரிதாக எடைக்கு விலை கூடும் என்பதும் உண்மை. பந்தயப் பாதையை வரைபவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நீளமான, தட்டையான டைம் ட்ரையலையும் சேர்த்தால், வலுவான உடம்புக்கும் அங்கே இடம் இருக்கிறது என்று பதினாறு வயதுப் பெண்களுக்குத் தெரியும். இது அழகியல் கோரிக்கை இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது என்றே சொல்வேன்.

நம் வீட்டுப் பெண்கள் ஓட்டமோ சைக்கிளோ ஜிம்னாஸ்டிக்ஸோ செய்தால், நேரத்தையும் பதக்கத்தையும் விசாரிப்பதோடு மாதவிடாய் வருகிறதா என்றும் கூச்சமில்லாமல் கேளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் நின்றால் மருத்துவரிடம் போங்கள். எலும்பில் விரிசல் திரும்பத் திரும்ப வந்தால், ஷூவை மாற்றுவதற்கு முன்னால் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்துச் சத்தமாக வாசிக்கிறவர் என்றால், அவர் எத்தனை பதக்கம் வாங்கிக்கொடுத்தவராக இருந்தாலும், போய்ப் பேசுங்கள். அண்ணன் மகள் இப்போது ஓடுவதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். ஓட்டத்தை விட்டது அவளுக்கு இன்னும் வலிக்கிறது. ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

லியோன்டின் ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. பெண்கள் பந்தயங்களை நடத்தும் வேலையில் இறங்கினார். நெதர்லாந்தின் பெரிய ஒருநாள் பந்தயமான ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸின் பெண்கள் பிரிவுக்கு இயக்குநராகவும் இருந்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் தொடங்கிய லியோன்டின்ஹவுஸ். உண்ணாமை முதலிய உணவு நோய்களோடு போராடுகிறவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் அப்பா அம்மாக்களும் போய் உட்கார்ந்து பேசுவதற்கான வீடு. ஆஸ்பத்திரிக்கு மாற்றாக அது தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடுவிலும் துணை. வருகிறவர்களோடு பேசுவது பெரும்பாலும் அந்த நோயிலிருந்து மீண்டு வந்தவர்களே. இருபத்துநான்கு வயதில் அவருக்குத் தேவைப்பட்டது இப்படி ஓர் இடம்தான்.